தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கிய பக்கம்

பிள்ளையார்பாளையம்,
12.8.2004

தேவேந்திரனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசில்லை. நீ செய்த இணையப் பக்கம் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியிருக்கிறது, நீ நலமாகத்தான் இருப்பாய்.

திங்கட்கிழமையிலிருந்து நான் சங்கத்துக்குப் போவதில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று செயலாளர் வீரபத்திரன் சொல்லிவிட்டார். நெசவாளர் மருத்துவ அட்டைக்கு நம் சங்கத்திலிருந்து நானூற்றுப் பத்துப் பேரை அந்தப் பக்கத்தில் பதிவு செய்தோம் இல்லையா, அதில் நூற்று முப்பத்தேழு பேருக்கு அட்டை வரவில்லை. சென்னையில் விசாரித்தால், அந்த நூற்று முப்பத்தேழு பேரும் இரண்டு இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார்களாம். ஒரு ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் இரண்டையுமே தூக்கிவிடுவது அவர்கள் விதியாம். உறுப்பினர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடவைத்தவளும், முடியாதவர்களுக்குப் போட்டவளும் நான். எல்லாம் என் கடவுச்சொல்லில் போனது. ஆகவே தப்பு என்னுடையது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பக்கத்தில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது, உறுப்பினர்கள் ரொம்பத் தடுமாறினார்கள் என்று நான் சொன்னேன். வீரபத்திரன் பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். உன் கம்பெனியின் தாள். தானியங்கிப் பரிசோதனையில் இந்த இணையப் பக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பெற்றிருக்கிறது, பயனாளர்களுக்கு மிகவும் எளிது என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து.

"உன் தம்பியே எழுதிக் குடுத்துகிறான்மா. அப்பறம் பக்கத்து மேல என்னா தப்பு இருக்குது?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூட அந்தத் தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தைச் செய்தவன் நீ. மார்க் போட்டவனும் நீ. நீயே பரீட்சை எழுதி நீயே திருத்திக்கொண்டால், மீதி எட்டு மார்க்கை எதற்கு விட்டுவைத்தாய்?

போன் செய்யாதே. எதிர்வீட்டில் போய் நின்றுகொண்டு பேச வேண்டும், அவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். போனில் நீ பேசியே ஜெயித்தும் விடுவாய். மெயில் பார்க்க எனக்கு இப்போது கம்ப்யூட்டர் கிடையாது. சொல்ல ஏதாவது இருந்தால் கையால் எழுது.

கலைவாணி


பெங்களூர்,
20.8.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்திருக்க வேண்டும். பிறகு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. ஜூலை முதல் வாரத்தில் வீரபத்திரன் போன் செய்தார். சங்கத்துச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் வேண்டும், பெங்களூர்க் கம்பெனி பேரில் இருந்தால் பெருமையாக இருக்கும் என்றார். நானும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகப்போகிறது என்று நினைத்து அனுப்பிவிட்டேன். அப்போதே அட்டை விஷயம் அவர் காதுக்கு வந்திருக்கும் போலிருக்கிறது.

மார்க் பொய் இல்லை அக்கா. எங்கள் மென்பொருளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்தால், ஆள் யாரும் இல்லாமல் அதுவே சோதித்துவிடும். எழுத்து போதிய அளவுக்குப் பெரியதா, பின்னணி நிறத்தில் தெரிகிறதா, பக்கம் எத்தனை வினாடியில் திறக்கிறது, எத்தனை கிளிக்கில் வேலை முடிகிறது என்று முந்நூறு விஷயம் பார்க்கும். பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்க எல்லாருக்கும் நேரம் ஏது? அதற்காகத்தான் இதைச் செய்கிறோம். எட்டு மார்க் போனது முதல் பக்கத்தில் நீ போடச் சொன்ன கோபுரப் படத்துக்கு. படம் ரொம்பக் கனம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கேயாவது தப்பாக அடித்துவிட்டால் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'திருத்து' என்று வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால் அந்த ஒரு வரியை மட்டும் சரி செய்யலாம். நீ அதை விட்டுவிட்டு அவசரத்தில் அதே ஆளை முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டுவிட்டாயோ? ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்றால் யாருக்கும் கை தடுமாறத்தான் செய்யும்.

அப்பாவிடம் நான் சொன்னதாக எதுவும் சொல்ல வேண்டாம்.

தேவா


பிள்ளையார்பாளையம்,
2.9.2004

தேவேந்திரனுக்கு,

கை தடுமாறும் என்று எழுதியிருக்கிறாய். ஆறு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வீரபத்திரன்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அந்த நூற்று முப்பத்தேழு பேரில் எல்லம்மாக்காவும் ஒருத்தர். நம் வீட்டுத் தறியில் பதினெட்டு வருஷமாக அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை இழை ஓட்ட நாடா போடுகிறவரை உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, வலது கண்ணுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அட்டை இருந்தால் சென்னையில் செய்துவிடலாம். இல்லாவிட்டால் அவரால் ஆகாது. மூன்று தடவை என்னிடம் வந்து, காத்திருக்கட்டுமா, கடன் வாங்கிச் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார். மூன்று தடவையும் இரண்டு வாரம் பொறுங்கள், பட்டியலில் வந்துவிடும் என்றேன்.

உன் மென்பொருளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது, போதும்.

கலைவாணி


பெங்களூர்,
19.9.2004

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியாது. அதற்குத் தமிழ் தெரியாது. எத்தனை எழுத்து என்று எண்ணும், அவ்வளவுதான். இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

உன்னைக் கை தடுமாறியதா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டவுடன் கிடைக்காது என்று தெரியும்.

இரண்டு வாரமாக ஆபீஸ் வேலை முடிந்த பிறகு ஒரு வேலை செய்தேன். நம் பக்கத்தில் யார், எதை, எப்போது அழுத்தினார்கள் என்பதெல்லாம் சர்வரில் பதிவாகியிருக்கும். நானூற்றுப் பத்துப் பேருடையதையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். மென்பொருளிடம் கொடுக்காமல் நானே படித்தேன். அந்த நூற்று முப்பத்தேழு பேரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கம் வரைக்கும் போய்விட்டு பேக் பட்டனை அழுத்தி அழுத்தி இரண்டாம் பக்கம் வரை பின்னாலேயே வருகிறார்கள். பிறகு திரும்பவும் முன்னால் போகிறார்கள். ஒருத்தர்கூட 'திருத்து' பக்கம் போகவில்லை.

பின்னால் போய்விட்டு முன்னால் வந்தால் என் புரோகிராம் அவரைப் புது ஆள் என்று நினைத்துப் புது எண் கொடுத்துவிடுகிறது. பழைய பதிவும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாரும் பின்னால் போக மாட்டார்கள், அதற்குத்தான் 'திருத்து' இருக்கிறதே என்று நினைத்து அந்த வழியை நான் சோதிக்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. சர்வர் பதிவில் ஒரே பக்கத்துக்கு ஆட்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்தப் பக்கம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எங்கள் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அந்தத் தொண்ணூற்றிரண்டில் ஆறு மார்க் இதற்காகக் கூட்டிப் போட்டது.

ஆனால் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி பின்னால் போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வேறு ஊர்ப் பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன், இப்படி இல்லை. 'திருத்து' கண்ணில் படவில்லையா? நீ பக்கத்தில் இருந்தாய். என்ன நடந்தது என்று எழுது அக்கா.

தேவா


பிள்ளையார்பாளையம்,
6.10.2004

தேவாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் பதில் எழுத முடியவில்லை. ஏன் பின்னால் போனார்கள் என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. சொன்னால் நம்ப மாட்டாய், அப்படிப் போகச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். எல்லம்மாக்கா வீட்டு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டு ஐந்தாம் பக்கத்தில் கவனித்தார். 'பின்னால போங்கக்கா' என்றேன். அவரும் சரி என்று ஒவ்வொரு பக்கமாகப் போனார். 'திருத்து' கடைசிப் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அதுவரை தப்பை வைத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவும் எல்லம்மாக்காவும் தறியில் இருந்தார்கள். திடீரென்று சத்தம் நின்றது. கரையில் ஒரு இழை மாறிவிட்டது. முன்னெல்லாம் எல்லம்மாக்கா அந்த நிமிஷமே சொல்லிவிடுவார். இப்போது நாலு விரல் அகலம் நெய்த பிறகுதான் தடவிப் பார்த்துச் சொன்னார். இரண்டு பேரும் பிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியாகப் போட்ட இழை முதலில் வந்தது, பிறகு அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது. தப்பு நடந்த இழை வரும்வரை இப்படியே பின்னால் போனார்கள். நடுவில் இருக்கிற ஒரு இழையை மட்டும் தொட்டுச் சரி செய்ய எந்த வழியும் கிடையாது. தப்பை வைத்துக்கொண்டு மேலே நெய்தால் புடவையே போயிற்று.

எனக்கு அரிசித் தட்டு கையிலேயே நின்றுவிட்டது. நம் ஜனங்கள் உன் பக்கத்தில் செய்ததும் இதுதான். தப்பு தெரிந்தவுடன் நிறுத்தினார்கள், பிரித்துக்கொண்டே போனார்கள், சரி செய்தார்கள், மறுபடி முதலிலிருந்து ஒழுங்காக நெய்தார்கள். கவனமாக இருந்தவர்களுக்குத்தான் அட்டை வரவில்லை, தேவா. தப்பைக் கவனிக்காமல் போனவனுக்கு வந்துவிட்டது.

நீயும் இந்த வீட்டில்தான் பிறந்தாய். பத்தாவது படிக்கும்வரை நீயும் வலப்பக்கம் உட்கார்ந்து நாடா போட்டிருக்கிறாய். எனக்கு வலிப்பது அதுதான்.

எல்லம்மாக்காவுக்கு வலது கண்ணில் ஓரம் மறைக்கிறதாம். சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

கலைவாணி


பெங்களூர்,
21.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நம் பக்கத்தைத் திறந்து என் பெயரையே பதிவு செய்து பார்த்தேன். வேண்டுமென்றே அப்பா பெயரைத் தப்பாக அடித்துவிட்டு நாலாம் பக்கம் போனேன். என் விரல் பேக் பட்டனுக்குத்தான் போனது. 'திருத்து' எழுதி வைத்தவன் நான். எனக்கே அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பக்கத்தைச் சரி செய்துவிட்டேன். எத்தனை தடவை பின்னால் போனாலும் இனிமேல் ஒரு ஆளுக்கு ஒரு எண்தான். ஆனால் சங்கத்தில் உன் பேரைச் சரி செய்ய அது போதாது. அந்தத் தொண்ணூற்றிரண்டு தப்பு என்று கம்பெனித் தாளில் எழுதிக் கேட்டேன். என் மேலதிகாரி ராம்ப்ரஸாத் நம் ஊர்தான், சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நல்ல மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றார். நாம் போட்ட மார்க்கை நாமே தப்பு என்று ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்தால், மற்ற இடத்தில் எல்லாம் கேட்பார்கள் என்றார். அவர் சொல்வதும் தப்பில்லை. மற்ற இடத்திலும் கேட்கத்தான் வேண்டும்.

அதனால் வெள்ளைத் தாளில் என் பெயரில் எழுதிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. ஆபீஸில் தெரிந்தால் வேலைக்குப் பிரச்சினை வரலாம். வரட்டும். எனக்கும் அலுத்துவிட்டது.

எல்லம்மாக்காவுக்கு வேறு வழியில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேள்.

தேவா


பிள்ளையார்பாளையம்,
3.11.2004

தேவாவுக்கு,

வீரபத்திரன் உன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் அனுப்பிய சான்றிதழில் கம்பெனி முத்திரை இருந்தது, இதில் இல்லையே என்கிறார். அக்காவுக்காகத் தம்பி எழுதியது என்று நாலு பேர் பேசுவார்களாம்.

வேறு வழியில் செய்யலாம் என்று எல்லம்மாக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். அடுத்தவர் உபகாரத்தில் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டாம், பேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அட்டை வரட்டும் என்கிறார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

கடிதத்தால் இந்த வேலை ஆகாது. நேரில் வா.

கலைவாணி


பிள்ளையார்பாளையம், நம் வீடு,
14.11.2004

அக்கா,

நீ எல்லம்மாக்காவைக் கூட்டிக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்டப் போயிருக்கிறாய் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா சாப்பாடு போட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இதை எழுதி உன் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

காலையில் சங்கத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கமிட்டி ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். என் கடிதத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பக்கத்தின் பிரதி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அதைத் திறந்து வைத்து, ஒரே ஒரு தடவை நீங்களே உங்களைப் பதிவு செய்யுங்கள், வீட்டு எண்ணை மட்டும் வேண்டுமென்றே தப்பாகப் போடுங்கள் என்று வீரபத்திரனைக் கேட்டுக்கொண்டேன். மறுபடி நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு பக்கம் போனார். "இன்னாபா, நம்பர் தப்பா கீதே" என்று நான் சொல்லிக் கொடுத்ததையே மறந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேக் பட்டனை மூன்று தடவை அழுத்தினார், திருத்தினார், கடைசிவரை போய் முடித்தார். பட்டியலைத் திறந்து காட்டினேன். வீரபத்திரன் என்று இரண்டு பேர் இருந்தார்கள்.

அவர் திரையில் இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் சரியாத்தானேப்பா செஞ்சேன்" என்றார். ஆமாம் என்றேன். அவரும் இருபது வருஷம் தறியில் இருந்தவர், அக்கா.

நூற்று முப்பத்தேழு பேரையும் மறுபடி பதிவு செய்ய நாளைக்கே உன்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார்.

முந்நூறு விஷயம் பார்க்கும் மென்பொருளுக்கு மூன்று வருஷம் உழைத்திருக்கிறேன். ஒரு மனிதருக்குப் பின்னால் நின்று பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தது இன்றைக்குத்தான் முதல் தடவை.

எல்லம்மாக்கா கண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

தேவா


பிள்ளையார்பாளையம்,
9.12.2004

அன்புள்ள தேவாவுக்கு,

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நூற்று முப்பத்தேழு பேரும் வந்து போட்டுவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் இந்தத் தடவையும் பின்னால் போனார்கள், இந்தத் தடவை ஒன்றும் ஆகவில்லை. அட்டைகள் போன வாரம் வந்தன. எல்லம்மாக்காவின் அட்டையை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார்.

இரண்டு நாள் முன்னால் ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணுக்கு. வலது கண்ணுக்கு இனிமேல் செய்து பிரயோஜனம் இல்லை என்று நவம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அழுத்தத்தில் போன பார்வை திரும்பாதாம், அழுத்தம் ஏறத் தொடங்கிய இடது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஆகஸ்டில் வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இரண்டு வாரம் பொறுங்கள் என்று மூன்று தடவை சொன்னவள் நான். பழியை உன் மேல் மட்டும் போட்டுவிட்டு என்னால் தூங்க முடியவில்லை.

இரட்டைப் பதிவு எப்படி வந்தது என்று எல்லம்மாக்காவிடம் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் பிரிச்சதுக்கு அப்பறமும் அது அங்கியே இருந்துக்கினு இருந்துச்சாமா? அப்பிடின்னா நான் என்னாத்த பிரிச்சேன்?" எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

சங்கத்திலும் அப்படித்தான் இருக்கிறது. என்னை நிறுத்திவைத்த உத்தரவையும் உன் முதல் தாளையும் கோப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஒரு தடவை கோத்த தாளை எடுக்கக் கூடாதாம், மேலே உன் வெள்ளைத் தாளை வைத்துக் கட்டிவிட்டார் வீரபத்திரன். நாளைக்கு யார் திறந்தாலும் முதலில் உன் மன்னிப்பு இருக்கும், அடியில் தொண்ணூற்றிரண்டு இருக்கும்.

எனக்கு இப்போது உன் மேல் கோபம் இல்லை. அலுப்புதான் இருக்கிறது. கை தடுமாறியதா என்று நீ எழுதிய வரி மட்டும் இன்னும் போகவில்லை. பின்னால் போய்ப் போய்ப் பிரித்துப் பார்க்கிறேன், அங்கேயே இருக்கிறது. நாளாகும் போலிருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. அப்பா வாய்விட்டுக் கேட்க மாட்டார், ஆனால் நீ வந்த அன்று சாப்பிட்ட தட்டை இரண்டு நாள் தனியாகவே வைத்திருந்தார். எல்லம்மாக்காவும் உன்னைக் கேட்டார். கட்டுப் பிரித்தவுடன் தறிக்கு வந்துவிடுவாராம். அப்பா இழையை எண்ணிச் சொன்னால் தடவிப் பார்த்தே நாடா போட்டுவிடுவேன் என்கிறார்.

வந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார். பேசிவிட்டுத்தான் உட்கார வேண்டும், சும்மா போய் நின்றால் திடுக்கிட்டுப் போகிறார். வலப்பக்கம் யார் இருந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. இடப்பக்கமாக வா.

உன் அக்கா,
கலைவாணி